வேதமும் தமிழும் – 9: செல்வந்தன் யாரோடு பேசினான்?

மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகிற பேருந்து, பழங்காநத்தம் தாண்டிப் பசுமலையில் நிற்கும். ஜன்னலோரம் இருப்பவர்கள் பெரும்பாலும் முருகன் நினைப்பில் இருப்பார்கள். அமெரிக்க மதுரை மிஷன், திருமங்கலத்தில் 1842-இல் தொடங்கிய பள்ளியை 1845-இல் இங்கேதான் கொண்டுவந்தது. உபதேசியார்களும் போதகர்களும் இங்கே பயின்றார்கள். அமெரிக்கன் கல்லூரிக்கும் வேர் இதுவே. இன்று கிரேக்கம் படிக்க விரும்புகிறவர் அரசரடிக்குப் போகவேண்டும். 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி அங்கே இருக்கிறது.

புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் விரித்தவர் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் சொல் 'ப்ஸூகே'. நூறு முறைக்குமேல் வருகிறது. 'ஆத்துமா' என்று ஓரத்தில் குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். போனால் லூக்கா 12-இல் மாட்டிக்கொள்வோம்.

விளைச்சல் பெருகிய செல்வந்தன் ஒருவன், பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போடுகிறான். பிறகு தன் ப்ஸூகேயைக் கூப்பிட்டு, சாப்பிடு, குடி, சந்தோஷமாக இரு என்கிறான். அன்று ராத்திரியே அது கேட்டு வாங்கப்படும் என்று கடவுள் சொல்கிறார். இரண்டு வசனம் தள்ளி, எதைச் சாப்பிடுவோம் என்று ப்ஸூகேக்காகக் கவலைப்படாதீர்கள் என்கிறார் இயேசு. கிரேக்கத்தில் எல்லாம் ஒரே சொல். நம் பழைய திருப்புதலில் செல்வந்தன் பேசுவது ஆத்துமாவோடு. சீஷர்கள் கவலைப்படக்கூடாதது ஜீவனுக்காக. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலோ அவன் தன் நெஞ்சத்தோடு பேசுகிறான், பறிபோவது உயிர். உவமையையும் உபதேசத்தையும் கட்டியிருந்த கயிறு தமிழில் அறுந்துபோகிறது. சாப்பாடு கேட்கிற ஆத்துமா எது என்று ஞாயிறுப் பள்ளிப் பிள்ளை கேட்டால் ஆசிரியர் திணறத்தான் செய்வார்.

கிரேக்கச் சொல்லுக்கு அடியில் மூச்சு இருக்கிறது. எபிரேய வேதத்தைக் கிரேக்கமாக்கியவர்கள் 'நெஃபெஷ்' வந்த இடங்களில் பெரும்பாலும் இதையே போட்டார்கள். நெஃபெஷ் என்றால் தொண்டை, மூச்சு, பசி, ஆசை, ஆள். பவுல் ஏறிய கப்பலில் இருந்தது 276 ப்ஸூகே என்று அப்போஸ்தலர் நடபடிகள் தலை எண்ணுகிறது. நல்லவேளை, தமிழில் அங்கே 'பேர்' என்று போட்டுவிட்டார்கள். உடம்பாகிய சிறைக்குள் அடைபட்ட ப்ஸூகே பிளேட்டோவின் சரக்கு. அது சுவிசேஷங்களில் அறவே இல்லை என்று சத்தியம் பண்ணமுடியாது. மத்தேயு 10:28 சரீரத்தையும் ப்ஸூகேயையும் பிரித்தே பேசுகிறது. ஆனால் எல்லா இடத்திலும் பிளேட்டோவை உட்காரவைப்பது வாசிக்கிறவர் குற்றம்.

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, 'ஆத்தும நிருணயம்' என்று உரைநடையில் தனி நூலே எழுதினார். அரிஸ்டாட்டிலை அக்குவினாஸ் வழியாகப் படித்தவர் அவர். செடிக்கு ஒன்று, மிருகத்துக்கு ஒன்று, மனிதனுக்கு ஒன்று என்று ஆத்துமாவில் படிகள் வைத்தது அந்தப் பள்ளி. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்த தொல்காப்பியத்தின் நாட்டில் இது புதுச் சேதியே அல்ல. ஆனால் அவர் கையில் எடுத்த வடசொல் மறுபிறப்பு வழக்கையும் கூடவே இழுத்துவந்தது. அதை மறுக்க அவர் இன்னொரு நூல் எழுதவேண்டியதாயிற்று.

என் கட்சி, 'உயிர்'. அதற்கும் சொந்த வழக்குகள் உண்டு: திருப்பரங்குன்றத்துக் குகைகளில் கற்படுக்கை வெட்டிய சமணர்களுக்குச் செடியும் உயிர், சைவ சித்தாந்திக்கு உயிர் என்பது பசு. இருந்தாலும் பசிக்கிற உயிர், விட்ட உயிர், உயிரை வாங்குகிற பிள்ளை, விபத்தில் போன மூன்று உயிர் என்று ப்ஸூகே புழங்குகிற இடமெல்லாம் தமிழில் இது ஏற்கெனவே புழங்குகிறது.

வீட்டில் இரண்டு மொழிபெயர்ப்பும் இருந்தால், லூக்கா 12:19 முதல் 23 வரை பக்கத்தில் பக்கம் வைத்து, ஆத்துமா, ஜீவன், நெஞ்சம் வரும் இடமெல்லாம் 'உயிர்' என்று சத்தமாக வாசித்துப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்று எழுதி அனுப்புங்கள்.

(அடுத்த வாரம்: ஆவி)