தண்ணீரில் போட்டால் தாள் மாயம்! கல்யாணப் பட்டு ஜாக்கெட்டோ பாழ்!

சென்னை:

கல்யாணத்துக்கு நாலே நாள் பாக்கி. வடசென்னையில் ஒரு வீட்டு வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார் ஒரு பெண். எதிரே ஒரு வாளி. அதிலிருந்த தண்ணீர் ரத்தச் சிவப்பு!

கொலையும் இல்லை, குத்தும் இல்லை. சாயம் போன பட்டு ஜாக்கெட்! அந்தப் பெண் வேறு யாருமல்ல, இந்த நிருபரின் அக்காதான். ஜாக்கெட்டுக்குக் கையால் எம்பிராய்டரி போட்டுக் கொடுப்பது அவர் பிழைப்பு.

மண்ணெண்ணெய் நாற்றம்

முன்பெல்லாம் அக்கா பட்டர் பேப்பரில் மாங்காய், கொடி, மயில் வரைவார். கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாக ஓட்டை குத்துவார். அதைத் துணி மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பார். வெள்ளைத் துணி என்றால் நீலம். டிசைன் துணியில் இறங்கிவிடும். ஆனால் வீடெல்லாம் நாற்றம்! கை பட்டால் கோடும் அழிந்துவிடும்.

இப்போது வந்திருப்பது ஒட்டுத்தாள். டிசைன் அச்சடித்தே வருகிறது. வெற்றுத் தாள் வாங்கி நாமே வரையவும் செய்யலாம். பின்பக்கக் காகிதத்தை உரித்துத் துணியில் ஒட்டி, தாளோடு சேர்த்துத் தைக்க வேண்டியது. பிறகு தண்ணீரில் ஊறப் போட்டால் தாள் கரைந்துவிடும். பூ மட்டும் நிற்கும்! பென்சில் கோடு தெரியாத கறுப்புத் துணிக்கும், இழுபடும் பனியன் துணிக்கும் ரொம்ப வசதி.

கரையும் சரக்கு பெரும்பாலும் பாலிவினைல் ஆல்கஹால். 1924-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தது. நெசவு மில்லில் பாவு நூலுக்குக் கஞ்சி போடவும் இது உதவுகிறது.

சறுக்கியது எங்கே?

பருத்தித் துணியில் இரண்டு முறை செய்தார். பிரமாதம்! அந்தத் தைரியத்தில் மூன்றாவதாகக் கல்யாணப் பட்டில் ஒட்டிவிட்டார். தாள் கரைந்தது. கூடவே சாயமும் கரைந்து, பச்சை பார்டரில் சிவப்பு ஏறிவிட்டது!

"தாள் கரையத் தண்ணி வேணும்னு தெரியும். பட்டுக்குத் தண்ணி ஆகாதுன்னும் தெரியும். ரெண்டையும் சேர்த்து யோசிக்கலைடா தம்பி!" என்றார் அக்கா, கண் கலங்க.

சொந்தக் காசில் அதே நிறத்தில் பட்டு வாங்கினார். மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி பஞ்சு. மூன்று ராத்திரி தூங்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் ஜாக்கெட் போய்ச் சேர்ந்தது. கூலியும் போச்சு, துணிக்காசும் போச்சு!

பெண்களே, உஷார்!

ஒட்டும் முன் துணியின் உள்மடிப்பை நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் இந்தத் தாள் வேண்டாம். சிவப்பு, கருநீல நூலையும் இப்படியே சோதியுங்கள். அலசிய பிறகும் துணி கஞ்சி போட்டது போல விறைப்பாக இருந்தால் இன்னொரு முறை அலசுங்கள். மீதித் தாளை ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில் மூடி வையுங்கள்.

அக்கா வீட்டு அலமாரியில் ஒட்டுத்தாள் இன்னும் இருக்கிறது. ஆர்டர் கொண்டு வருகிறவர்களிடம் இப்போது அவர் கேட்கும் முதல் கேள்வி:

"இது தண்ணி தாங்குமா?"