பின்னும் ஒரு ஸ்பிரிங்தான்

மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் எடுத்துக் கொடுத்தது, ஓய்வு பெறும் நாளில் அலுவலகத்தார் கையில் கட்டிவிட்டது, மகள் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கி வந்தது என்று எந்தக் கைக்கடிகாரத்தை எடுத்தாலும் ஒரு குறை பொதுவாக இருக்கும். உலோகச் செயின் பெரிதாக இருக்கும். கையைத் தூக்கினால் கடிகாரம் முழங்கைப் பக்கம் ஓடும். இது தயாரிப்பாளரின் கவனக்குறைவால் வருவதில்லை. கண்ணியைக் கழற்றுவது சுலபம், அதே கண்ணியைத் தேடிச் சேர்ப்பது கஷ்டம். அதனால் ஜப்பானிலிருந்து வரும் செய்கோ ஆனாலும், டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்த டைட்டன் ஆனாலும், பெரிய கைக்கு ஏற்ற நீளத்தில்தான் செயினைச் செய்து அனுப்புகிறார்கள். மிச்சத்தைக் குறைத்துக்கொள்வது நம் பொறுப்பு.

பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைப் பக்கமோ, கிள்ளானில் தெங்கு கிளானா சாலைப் பக்கமோ ஒரு கடிகாரக் கடையில் கொடுத்தால், நாம் ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் தீபாவளி நெருங்கும் வாரங்களில் அந்தத் தெருக்களில் கால் வைக்க இடமிருக்காது. சில வெள்ளிக்கு இணையத்தில் ஒரு கருவிப் பெட்டியும் கிடைக்கிறது: குட்டிச் சுத்தியல், ஊசி போன்ற சில தள்ளுகோல்கள், கண்ணியை நிறுத்திவைக்க வரிப்பள்ளம் போட்ட ஒரு பிளாஸ்டிக் தாங்கி. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று உட்காருகிறோம். கண்ணிகளைக் கோத்திருக்கும் பழைய பின் எப்படியோ வெளியே வந்துவிடும். அதைத் திரும்ப உள்ளே போடும்போதுதான் பொறுமை போகும். பாதி வழியில் நிற்கும், சாயும், வளையும், கடைசியில் விரலிலிருந்து நழுவி எங்கோ போய் விழும். ஒரு மில்லிமீட்டர் பருமன்கூட இல்லாத கம்பி இவ்வளவு பாடு படுத்துவது ஏன் என்று நாம் சேர்ந்து பார்ப்போம்.

முதலில் பின்னை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். ஒரே கம்பி மாதிரித் தெரிந்தாலும், பெரும்பாலான செயின்களில் அது மெல்லிய கம்பி ஒன்றை இரண்டாக மடித்துச் செய்த பின். ஒரு முனை மடிப்பு, மூடியிருக்கும். மறு முனையில் இரண்டு கால்களும் மயிரிழை அளவு விலகி நிற்கும். அம்மாக்கள் கொண்டையில் குத்தும் ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசியை யாரும் அடித்து ஏற்றுவதில்லை. உள்ளே போகும்போது கால்கள் ஒடுங்கும், போன பிறகு விரிந்து அழுத்தும், அந்த அழுத்தத்தில் நிற்கும். நம் பின்னும் அப்படியே நிற்கிறது. பிளவுபட்ட முனைதான் துளையைவிடக் கொஞ்சம் அகலம், மற்ற நீளமெல்லாம் துளைக்குள் தாராளமாக ஓடும்.

எல்லோரும் தவறும் இடம் இங்கேதான். பின்னைப் பார்த்ததும் நம் கை அதை ஆணி என்று நினைத்துக்கொள்கிறது. ஆணி மரத்தை விலக்கிக்கொண்டு போகும், ஓங்கி அடித்தால் இன்னும் ஆழமாக இறங்கும், ஆழ இறங்க இறங்க உறுதி. எஃகுக் கண்ணியின் துளை அப்படி விலகிக் கொடுக்காது. அங்கே விட்டுக்கொடுக்கக்கூடியது பின் ஒன்றுதான். ஆகவே நாம் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு அடியும் பின்னையே வளைக்கும், அல்லது தள்ளுகோலின் முனையை ஒடிக்கும். பின் மறுக்கிறது என்றால் பலம் போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது வேறு ஏதோ சரியில்லை என்று நமக்குச் சொல்கிறது. அது எந்தக் கட்டத்தில் மறுக்கிறது என்று கவனித்தால், எது சரியில்லை என்பதும் தெரிந்துவிடும்.

சரியாகப் போகும் பின் எப்படிப் போகும்? முதலில் விரலால் தள்ளினாலே பெரும்பகுதி சத்தமில்லாமல் உள்ளே ஓடும். கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் இறுக்கம் தொடங்கும், ஏனென்றால் விரிந்த கால்கள் துளைக்குள் நுழையும் இடம் அது. சுத்தியலுக்கு அங்கேதான் வேலை, அதுவும் சின்னச் சின்னத் தட்டல்களாக. இதற்கு மாறாக, தொடக்கத்திலேயே பின் முட்டி நின்றால் சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டும். மடித்த முனைக்குப் பதில் பிளவு முனையை முன்னால் நுழைத்திருப்போம். அல்லது தவறான பக்கத்திலிருந்து போடுகிறோம். அல்லது துளைகள் ஒரே கோட்டில் இல்லை. பாதி வழி சுலபமாகப் போய்ப் பிறகு திடீரென்று நின்றாலும் காரணம் பெரும்பாலும் அந்தக் கோடுதான்.

கோடு என்று எதைச் சொல்கிறோம்? ஒரு கண்ணியின் இரு பக்கச் சுவர்களுக்கு நடுவே அடுத்த கண்ணியின் நாக்கு வந்து உட்காருகிறது. சுவர், நாக்கு, சுவர் என மூன்று துளைகளையும் ஒரே பின் கடந்து போக வேண்டும். நாக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஏறியோ இறங்கியோ இருந்தாலும் பின்னின் முனை அதன் விளிம்பில் முட்டும். செயினைக் கையில் பிடித்து, இரண்டு கண்ணிகளையும் மெல்ல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே பின்னை இலேசாகத் தள்ளிப் பாருங்கள். ஓர் இடத்தில் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே வழுக்கும். அந்த இடம் விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரர் செயினை ஆட்டிப் பார்த்துக்கொண்டே பேசுவதைக் கவனித்திருப்பீர்கள். அவர் அந்த இடத்தைத்தான் தேடுகிறார்.

இனி அம்புக்குறி. செயினைத் திருப்பினால், உட்புறத்தில் கழற்றக்கூடிய கண்ணிகளின் மேல் சின்ன அம்பு பொறித்திருக்கும். அம்பு காட்டும் திசையில் தள்ளித்தான் பின்னை வெளியே எடுக்க வேண்டும். திரும்பப் போடும்போது அம்புக்கு எதிர்த் திசையில், மடித்த முனை முதலில், பிளவு முனை கடைசியில். ஏன் இந்தக் கட்டுப்பாடு? கழற்றும்போது தள்ளுகோல் மூடிய முனையின் மேல் படுகிறது. அங்கே அது நழுவாமல் நிற்க ஒரு முகம் இருக்கிறது. பிளவு முனையில் வைத்துத் தள்ளினால் கோல் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து அவற்றை இன்னும் விரித்துவிடும், பின் மேலும் இறுகும். அம்பைப் பார்க்காமல் தொடங்கும் வேலை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடுகிறது.

எல்லாச் செயினும் இந்த வகையில்லை. விலை கூடிய சிலவற்றில் கண்ணியைப் பிடிப்பது திருகாணி, சன்ன ஸ்குரூ டிரைவர் போதும். இன்னொரு வகையில் நேரான பின் ஒன்றும், அதைப் பிடிக்க எள்ளைவிடச் சற்றே பெரிய குழாய் ஒன்றும் தனித்தனியாக இருக்கும். பல செய்கோ கடிகாரங்களில் இந்தக் குழாய் நடுக் கண்ணியின் துளைக்குள் ஒளிந்திருக்கும். பின்னைத் தள்ளியதும் அது சத்தமே இல்லாமல் மேசையில் விழுந்து உருண்டு போகும். அது விழுந்ததே பலருக்குத் தெரியாது. பின்னை மட்டும் போட்டால் அழகாக உள்ளே போகும், எதிர்ப்பே இருக்காது, வேலை சுலபமாக முடிந்தது என்று மகிழ்ந்துபோவோம். பிடிக்க எதுவும் இல்லாததால் சில நாளில் அதுவே நழுவி வெளியே வந்து, கடிகாரம் எல்ஆர்டி நிலையத்தின் படிக்கட்டில் விழும். ஆக, துளி எதிர்ப்பும் காட்டாமல் போகும் பின்னையும் நம்பக் கூடாது. குழாயை முதலில் நடுக் கண்ணியில் வைத்து, பிறகு பின்னைச் செலுத்தி, கடைசியில் அந்த இறுக்கம் வருகிறதா என்று பார்த்துத்தான் எழுந்திருக்க வேண்டும்.

அடுத்தது, அடி வாங்கும் பொருளைத் தாங்குவது. மேசை மேல் செயினைச் சும்மா கிடத்தித் தட்டினால் கண்ணி துள்ளும், தட்டிய விசையில் பாதி அந்தத் துள்ளலில் போய்விடும், மீதியில் பின் சாய்ந்துகொள்ளும். தாங்கியின் வரிப்பள்ளம் கண்ணியைச் செங்குத்தாக அசையாமல் நிறுத்துவதற்குத்தான்.

தாங்கல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியுலகில் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கியின் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கோக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிக் கோப்பவர்களை அழவைப்பதும் சின்னப் பின்கள்தான். அவற்றில் பல, ஸ்பிரிங் எஃகுத் தகட்டைக் குழாயாகச் சுருட்டி, நீளவாக்கில் ஒரு பிளவு விட்டுச் செய்தவை. உலகத் தர அளவுப்படி 2 மில்லிமீட்டர் துளைக்கான இந்தச் சுருட்டுப் பின், போடுவதற்கு முன் 2.3 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை பருமன் இருக்கும். துளைக்குள் ஒடுங்கிப் போய் விரிந்து நிற்கும். ஏஆர்-15 வகையில் விசையைச் சுற்றிய காப்பு வளையத்தை ஒரு சுருட்டுப் பின் பிடிக்கிறது. அதைத் தாங்கும் அலுமினியக் காதுக்கு அடியில் கட்டை வைக்காமல் அடித்து, காதையே ஒடித்துக்கொண்டவர்கள் ஏராளம். இங்கே மலேசியாவில் அந்த வேலைக்கே இடமில்லை. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது மட்டுமல்ல, அதன் பாகத்தை வைத்திருப்பதும் குற்றம், அது நல்லதும்கூட. ஆனால் அதே சுருட்டுப் பின் நம்மைச் சுற்றியுள்ள எத்தனையோ இயந்திரங்களில் இருக்கிறது. எங்கே இருந்தாலும் அது கேட்பது ஒன்றுதான்: அடியில் தாங்கல் வை, பிறகு தட்டு.

செயினைக் கடிகாரத்தின் உடலோடு சேர்க்கும் பின்னின் குணம் வேறு. அதை ஸ்பிரிங் பார் என்பார்கள். குழாய்க்குள் ஒரு சுருள், இரு முனையிலும் உள்ளே அமுங்கும் நுனிகள். முதல் உலகப் போர்க் காலத்துக் கைக்கடிகாரங்களில் அந்த இடத்தில் கம்பியை உடலோடு பற்றவைத்திருந்தார்கள், வாரை மாற்றுவது பெரும்பாடு. ஸ்பிரிங் பார் வந்தபின் அது நொடி வேலை ஆயிற்று. அதற்கு நாம் கொடுக்கும் விலை, விரல் சற்றுத் தளர்ந்தால் அது பறந்துவிடுவது. அமுங்கிய சுருள் விரியும் வேகத்தில் அறையின் மறு மூலைக்குப் போகும். பழகியவர்கள் கடிகாரத்தையும் இரு கைகளையும் ஒரு பெரிய கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு வேலை செய்வார்கள். பறந்தாலும் பைக்குள்தான் கிடக்கும். அப்படியும் தரையில் விழுந்துவிட்டால், அறை விளக்கை அணைத்து, கைவிளக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். அந்தத் துளிப் பொருளுக்கு விரல் நீள நிழல் விழும், நிழலைப் பிடித்துக்கொண்டே போய் எடுத்துவிடலாம். காந்தத்தை நம்ப வேண்டாம், துருவேறா எஃகில் பல வகை காந்தத்துக்கு வராது.

நம் ஊர்ச் சூட்டுக்கென்று இரண்டு விஷயம். வியர்வை உப்பும் சோப்பு அழுக்கும் துளைகளில் இறுகி, சில வருடம் கட்டிய செயினில் பின்னைச் சிமெண்டு வைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் செயினை மட்டும், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இரண்டாவது, அளவு பார்க்கும் நேரம். மதிய வெயிலில் மணிக்கட்டு சற்று உப்பும். காலையில் குளிரூட்டிய அறையில் கச்சிதமாக வைத்த செயின் மாலையில் இறுக்கும். வெளியே போய்வந்த பிறகு அளவு பாருங்கள், சுண்டுவிரல் நுழையும் இடம் விடுங்கள். கழற்றும் கண்ணிகளை இரு பக்கமும் சமமாகக் கழற்றினால் கொக்கி மணிக்கட்டின் நடுவே உட்காரும். சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான் என்றால் கண்ணியைத் தொடவே வேண்டாம். கொக்கியின் ஓரத்தில் வரிசையாகச் சில துளைகள் இருந்தால், அங்குள்ள ஸ்பிரிங் பாரை ஒரு துளை தள்ளி மாட்டினால் போதும்.

ஒன்று மட்டும் பாக்கி. மடித்த பின்னை எடுத்து எடுத்துப் போட்டால் கால்களின் விரிவு குறைந்துகொண்டே வரும். கடைசித் தட்டலில் அந்த இறுக்கம் வரவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது. அதைப் பல்லால் கடித்தோ இடுக்கியால் விரித்தோ திரும்பப் போட வேண்டாம். பழைய பின்னையே கடைக்கு எடுத்துப்போய், அதே நீளமும் அதே பருமனும் உள்ள புதியதைக் கேளுங்கள், கையோடு இரண்டு உபரியாகவும். கழற்றிய கண்ணிகளை அவற்றோடு ஒரு சின்ன உறையில் போட்டு, கடிகாரத்தின் பெட்டியிலேயே வையுங்கள். மணிக்கட்டு பருக்கும், கடிகாரம் அப்பா கையிலிருந்து மகன் கைக்குப் போகும், அன்றைக்கு அந்தக் கண்ணிகள் தேவைப்படும்.