சாய்வு மிதிவண்டியும் உடைந்த இடைச்சக்கரமும்

மிதிவண்டி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது நிமிர்ந்து அமர்ந்து மிதிக்கும் வண்டியே. மேலைநாடுகளில் வேறொரு வகையும் உண்டு. சாய்வு நாற்காலியில் அமர்வதுபோல் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வண்டி அது. 1933 ஜூலை 7 அன்று பிரான்சிஸ் ஃபோர் என்பார், சார்ல் மொஷே அமைத்த இவ்வகை வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் கடந்து, 1914 முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். ஆயின் 1934இல் உலக மிதிவண்டிச் சங்கம் இதனைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. வென்ற வண்டியை விலக்கியது முறையா என்னும் வழக்கை ஈண்டு நாம் எடுக்கவில்லை. பெருந்தொழிற்சாலைகள் பெரும்பாலும் இதனைக் கைக்கொள்ளவில்லை. இதற்குரிய உறுப்புகளும் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. ஆதலின் பழுதுபார்க்கும் அறிவு ஓட்டுபவருக்கே வேண்டியதாயிற்று.

இவ்வண்டியில் மிதிகட்டை முன்கோடியில் உள்ளது. உந்தப்படும் சக்கரமோ பின்னே உள்ளது. இடைப்பட்ட சங்கிலி சாதாரணச் சங்கிலியைப்போல் இரண்டு, மூன்று மடங்கு நீளமுடையது. அது இருக்கையில் உரசாதவாறு அடியில் வளைத்துச் செலுத்துவதே இடைச்சக்கரம். உள்ளங்கையில் அடங்கும் சிறு பல்சக்கரந்தான்; பெரும்பாலும் நைலான் போன்ற பொருளால் ஆனது. அதன்மேல் விழும் சுமையோ சிறிதன்று. 170 மில்லிமீட்டர் நீளமுள்ள மிதிதண்டில் 50 கிலோ எடையளவு அழுத்தினால், 50 பற்கள் கொண்ட முன்சக்கரத்தில் சங்கிலியின் இழுவிசை ஏறத்தாழ 84 கிலோ ஆகும். சங்கிலி 30 பாகை வளையுமாயின் இடைச்சக்கரத்தின் அச்சு 43 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். 60 பாகை வளைந்தால் முழு 84 கிலோவையும் தாங்க வேண்டும். மேட்டில் ஏறும்போது இச்சக்கரம் உடைவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

பழுதுபார்க்கப் புகுமுன் உடைந்த காரணத்தை அறிதல் வேண்டும். போல்ட்டைக் கழற்றினால் சங்கிலியை வெட்டாமலேயே சக்கரத்தை எடுத்துவிடலாம். கையில் வைத்துச் சுழற்றுக. கரகரவென்று ஒலித்தால் குற்றம் பேரிங்கினுடையது. பல வண்டிகளில் 22 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 8 மில்லிமீட்டர் துளையும் கொண்ட 608 எண் பேரிங்கே உள்ளது. இஃது எங்கும் மலிவாகக் கிடைப்பது. புதியதைப் பொருத்துகையில் வெளிவளையத்தையே அழுத்த வேண்டும். உள்வளையத்தைத் தட்டினால் குண்டுகள் தடம் பதித்துப் புதியதும் கெடும்.

பற்கள் உடைந்திருப்பின் பசையிட்டு ஒட்டுவதால் பயனில்லை. சக்கரத்தையே மாற்ற வேண்டும். வழியில் உடைந்தால், திரும்பிவரும் சங்கிலியைத் தாங்கும் சக்கரம் அதே அளவினதாயின் அதனை இவ்விடத்தில் மாற்றி, மெல்ல மிதித்து வீடு சேரலாம்; அப்பக்கத்தில் இழுவிசை மிகக் குறைவு.

பற்கள் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் சங்கிலியின் நேர்கோட்டில் இல்லை என்பது பொருள். வாஷர் இட்டு நேராக்குக. ஆனால் சில வண்டிகளில் சக்கரம் அச்சில் பக்கவாட்டில் நகருமாறே அமைத்திருப்பர். அதனைக் குறையெனக் கருதி இறுக்கிவிடலாகாது.

சங்கிலியையும் அளத்தல் நன்று. 24 கண்ணிகள் புதிதில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். அது 3 மில்லிமீட்டர் நீண்டிருந்தால், அத்தேய்ந்த சங்கிலி புதுப்பற்களையும் விரைவில் அரித்துவிடும். அனைத்தையும் பொருத்தியபின் பின்சக்கரத்தைத் தூக்கி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, எல்லாக் கியர்களிலும் சங்கிலி உரசாமல் ஓடுகிறதா என்று பார்த்த பின்னரே சாலையில் இறங்க வேண்டும்.