சத்தம் கேட்கும்... ஆளைக் காணோம்!

காலை முதல் பீரியட். ஒர்க்ஷாப்பில் லேத் இன்னும் ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திப் புதரிலிருந்து 'டுவிட்... டுவிட்... டுவிட்' என்று காதைத் துளைக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் இலைதான் ஆடுகிறது. ஆளைக் காணோம்!

அவர்தான் தையல்சிட்டு. நீளம் சுமார் 13 செ.மீ., எடை 10 கிராமுக்குள். செம்பழுப்பு நெற்றி, பச்சை முதுகு, வெளுத்த வயிறு, தூக்கி நிறுத்திய வால். பச்சை இலைக்குள் பச்சை முதுகு. அப்புறம் எப்படிங்க தெரியும்?

இதைப் பார்க்க கிண்டி தேசியப் பூங்கா வரை போக வேண்டாம். பைனாகுலரும் வேண்டாம். முதலில் காது, பிறகு கண். சத்தம் வரும் புதருக்குப் பத்தடி தள்ளி அசையாமல் நில்லுங்கள். குருவியைத் தேடாதீர்கள், ஆடும் இலையைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வால் தெரியும். கத்தும்போது கழுத்தோரம் கறுப்புத் திட்டு தெரிந்தால் பாஸ்!

இதன் கூடுதான் நம் பாடம். உயிருள்ள இலையை மடக்கி, அலகால் ஓரத்தில் துளை போட்டு, பஞ்சு நூலையும் சிலந்தி நூலையும் கோத்துவிடும். வெளியே வந்த நூல் முனை பிசிறி விரிந்து வழுகாமல் நிற்கும். நம்ம ரிவெட் மாதிரியே! துளை நுண்ணியது என்பதால் இலை காயாது. கூடும் கண்ணில் படாது. 1769-இல் தாமஸ் பென்னன்ட் இதற்கு லத்தீனில் பெயர் வைத்தபோது, 'செருப்புத் தைப்பவர்' என்ற பொருள் வரும்படிதான் வைத்தார்.

கண்ணில் படாததுதான் வினையும் ஆனது. போன வருடம் விழாவுக்காக வளாகத்தைச் 'சுத்தம்' செய்தோம். கத்தரி என் கையில். வெட்டி விழுந்த கிளையில் தைத்த இலை. உள்ளே பஞ்சு மெத்தையில் மூன்று முட்டைகள். ஜோடி இரண்டும் சாயங்காலம் வரை கத்திக்கொண்டே இருந்தன. எந்த வெல்டிங் மிஷினாலும் அந்த இலையை ஒட்ட முடியாது.

மார்ச் முதல் டிசம்பர் வரை இவை கூடு கட்டும் காலம். முட்டையிட்டு, குஞ்சு பொரித்துப் பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஆகவே வெட்டும் முன் மடிந்த இலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஒரு புதரை மட்டும் ஒரு மாதம் விட்டுவிடுங்கள். விழா நடக்கும், அதுவும் பிழைக்கும்.

நாளைக்கு 'டுவிட்' கேட்டால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பஸ் போனாலும் அடுத்த பஸ் வரும்!

- மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்