அன்று வராத பிள்ளை

ஆண்டிறுதி வந்துவிட்டால் நம்மூர் மொண்டிசோரிகளில் விடுகை விழா களைகட்டும். சின்னஞ்சிறுசுகள் கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து மேடையேறுவதைக் காணக் கண் குளிரத்தான் செய்கிறது. ஆனால், அன்று வராத பிள்ளையைப் பற்றி எண்ணியதுண்டா? அங்கிக்கும் படத்துக்கும் காசு கட்ட வழியின்றி, "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொண்ட ஓர் உம்மாவை நானறிவேன்.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 ஜனவரி 6இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதற் பள்ளியைத் திறந்தது ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகவே. 1944இல் அவர் நம் நாட்டுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்.

அவர் முறையில் நடக்கும் பள்ளிகள் பலவற்றில், வயது நிறைந்த பிள்ளை பூகோள உருண்டையை ஏந்தி, சூரியனைக் குறிக்கும் விளக்கையோ படத்தையோ வயதுக்கொரு தரம் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் அவ்வாண்டு பிள்ளை பேசியது, நடந்தது, கற்றது சொல்லப்படும். பிறந்தநாள் கொண்டாடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. செலவில்லாத அந்த எளிமையைப் பாருங்கள்!

பிள்ளை வளர்ந்ததற்கு நன்றி சொல்ல வாடகை அங்கி எதற்கு? வெள்ளைச் சீருடையே போதாதா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை ஒருவர் எழுந்து கேளுங்கள். அந்த ஒருவர் வசதியுள்ளவராக இருக்கட்டும்.