‘ஐ அக்ரீ’ பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி... இந்த 5 இடங்களையாவது பாருங்க!

அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள டிஸ்னி வளாகத்தில் ஓர் உணவகம். 2023 அக்டோபரில் அங்கு சாப்பிட்ட பெண் மருத்துவர் ஒருவர், கடுமையான அலர்ஜியால் அன்றே உயிரிழந்தார். பால், நட்ஸ் அலர்ஜி இருப்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் ஊழியர்கள் கவனிக்கவில்லை என்று கணவர் வழக்குத் தொடர்ந்தார்.

அதற்கு டிஸ்னி தரப்பு கொடுத்த பதில்தான் எல்லாரையும் அதிர வைத்தது. 2019-ல் அந்தக் கணவர் டிஸ்னி ப்ளஸ் ஓடிடி தளத்தின் இலவச ட்ரயலுக்கு சைன்-அப் செய்திருந்தார். அப்போது அவர் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளின்படி கோர்ட்டுக்குப் போக முடியாது, தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று வாதிட்டது. 2023-ல் பார்க் டிக்கெட் வாங்கியபோது ஏற்ற நிபந்தனைகளையும் சேர்த்துக் காட்டியது. அதாவது, படம் பார்க்கச் சொன்ன ‘ஓகே’, மனைவியின் மரணத்துக்கும் செல்லுமாம்!

எதிர்ப்பு கிளம்பியதும் 2024 ஆகஸ்டில் டிஸ்னி அந்த வாதத்தை வாபஸ் வாங்கியது. ஆனால், அது செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு சொல்லவில்லை.

பீட்சாவுக்குச் சொன்ன ‘ஓகே’

இன்னொரு வழக்கில் தீர்ப்பே வந்தது. 2022-ல் நியூஜெர்சியில் ஊபர் காரில் சென்ற தம்பதி, விபத்தில் படுகாயமடைந்தார்கள். ஊபர் மீது வழக்குப் போட்டார்கள். விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு, அந்த அம்மாவின் போனில் ஊபர் ஈட்ஸ் ஆப் புதிய நிபந்தனைகளைக் காட்டியிருக்கிறது. ‘ஏற்கிறேன்’ என்று க்ளிக் ஆகியிருக்கிறது. பீட்சா ஆர்டர் பண்ணும்போது அதை க்ளிக் செய்தது எங்கள் மகள்தான் என்றார்கள் பெற்றோர். 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிபந்தனை செல்லும், நடுவரிடம் போங்கள் என்று சொல்லிவிட்டது.

ஏன் யாரும் படிப்பதில்லை?

சோம்பேறித்தனம் மட்டும் காரணம் அல்ல. ஓராண்டில் ஒருவர் பார்க்கும் தளங்களின் பிரைவசி பாலிசிகளை எல்லாம் வரிவிடாமல் படித்தால் சுமார் 244 மணி நேரம் ஆகும் என்று 2008-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. இன்ஸ்டாகிராமோ ஷார்ட் வீடியோக்களோ இல்லாத காலம் அது.

2016-ல் வெளியான இன்னோர் ஆய்வில், இல்லாத ஒரு சமூக வலைதளத்தை உருவாக்கி 543 மாணவர்களைச் சேரச் சொன்னார்கள். ‘முதல் குழந்தையை எங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும்’ என்ற நிபந்தனையும் உள்ளே இருந்தது. 98% பேர் அதைக் கவனிக்கவே இல்லை.

எங்கே பார்க்க வேண்டும்?

முழுசாகப் படிக்க நேரம் இல்லையா? பிரவுசரில் ‘ஃபைண்ட் இன் பேஜ்’ வசதி இருக்கிறது. இந்த 5 விஷயங்களைத் தேடினாலே முக்கியமானது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

1. ஆர்பிட்ரேஷன், ஜூரிஸ்டிக்‌ஷன்: பிரச்சினை வந்தால் எங்கே போக வேண்டும்? கோர்ட்டுக்கா, நடுவரிடமா? எந்த ஊர்?

2. ஆட்டோ ரினியூவல்: ட்ரயல் முடிந்ததும் பணம் தானாகப் போகுமா, கேன்சல் செய்யக் கடைசி நாள் எது என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆட்டோ டெபிட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்-ஐ ஸ்பேம் என்று ஒதுக்காதீர்கள்.

3. லைசென்ஸ்: போட்டோ, வீடியோ, எழுத்து எதைப் பதிவேற்றினாலும் காப்புரிமை பொதுவாக உங்களிடமே இருக்கும். ஆனால், அதைப் பயன்படுத்த, மாற்ற, பிறருக்குத் தர அந்த நிறுவனத்துக்கு இலவச அனுமதி கொடுக்கிறீர்கள். எதுவரை என்பதுதான் கேள்வி. டிசைனர்கள், போட்டோகிராபர்கள் இதை விடவே கூடாது.

4. ஏஐ, ட்ரெயினிங்: 2023-ல் ஜூம் நிறுவனத்தின் புதிய நிபந்தனைகளில் ஏஐ பற்றிய வரிகளைப் பயனர்கள் கண்டுபிடித்துக் கேள்வி கேட்டதால், அது வாசகத்தைத் திருத்தியது. 2024-ல் லிங்க்ட்இன் தளத்தில், பயனர் டேட்டாவை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்தும் செட்டிங் பல நாடுகளில் தானாகவே ஆன் ஆகி இருந்தது. வேண்டாம் என்றால் நாம்தான் போய் ஆஃப் செய்ய வேண்டும்.

5. சேஞ்சஸ், டெர்மினேஷன்: நிபந்தனையை மாற்றினால் முன்கூட்டியே சொல்வார்களா? அக்கவுன்ட்டை மூடினால் உங்கள் ஃபைல்கள், வாலட்டில் இருக்கும் பணம் என்ன ஆகும்?

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கே கொஞ்சம் ஆறுதல் உண்டு. காசு கொடுத்து வாங்கிய பொருளிலோ சேவையிலோ குறை என்றால், ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். இதை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு கட்டுமான நிறுவன வழக்கில் உறுதி செய்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். சேர்வது ஈஸி, வெளியேறுவது தலைவலி என்று வடிவமைக்கப்பட்ட ‘சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப்’, 2023 நவம்பரில் தடை செய்யப்பட்ட 13 ‘டார்க் பேட்டர்ன்’களில் ஒன்று.

‘ஏத்துக்கோ, இல்லன்னா கிளம்பு’ என்ற பாணிக்கும் அடி விழுந்திருக்கிறது. வாட்ஸ்அப்பின் 2021 பிரைவசி பாலிசிக்காக மெட்டா நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் ரூ.213.14 கோடி அபராதம் விதித்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

அடுத்து, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. ஆன்லைனில் டாக்டரைப் பார்க்கும் ஆப், சிகிச்சை விவரங்களுடன் உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேட்கிறது. நீங்களும் ஓகே சொல்கிறீர்கள். சேவைக்கு கான்டாக்ட் லிஸ்ட் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் அதற்குப் பொருந்தாது. இது சட்டத்திலேயே உள்ள உதாரணம். புகார் செய்யும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருந்தால், அதுவும் செல்லாது. சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழில் கேட்கவும் உரிமை உண்டு.

ஒரு விஷயம்: இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின. சம்மதம் தொடர்பான பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதாவது 2027 மே.

இன்றே செய்யக்கூடியது

* பணம் கட்டும் ஆப்களில் மட்டுமாவது, சேரும் நாளில் நிபந்தனைப் பக்கத்தை பிடிஎஃப்-ஆக சேவ் செய்யுங்கள். பிறகு வாசகம் மாறினாலும் நீங்கள் ஏற்றது எது என்று காட்டலாம்.
* ‘எங்கள் நிபந்தனைகளைப் புதுப்பித்துள்ளோம்’ என்று வரும் மெயிலை டெலிட் செய்யாதீர்கள். என்ன மாறியது என்ற சுருக்கம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.
* உங்கள் போனில் குழந்தைகள் ஆர்டர் போட்டால், பாப்-அப் வரும்போது போனை வாங்கிப் பாருங்கள்.
* நிறுவனம் பதில் தராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம்.