முதியோர்க்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டிலே ஆற்றுப்படைகள் ஐந்து என்பதை மாணவரும் அறிவர். அவற்றுள் நான்கு, பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், பெறாது வாடும் மற்றொருவனை எதிர்ப்பட்டு, செல்லும் வழி இது, தங்கும் இடம் இது, ஆங்குக் கிடைக்கும் உணவு இது என எடுத்துரைக்கும் மரபில் அமைந்தவை. மலைபடுகடாமோ வழியில் உள்ள இடர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கும். எனினும் அவ்வழிகள் யாவும் நடக்கவல்ல கால்களுக்கு உரியன. முழங்கால் தளர்ந்த தாயோ தந்தையோ நம் ஊர் காண வந்தால், அவரை எவ்வாறு ஆற்றுப்படுத்துவது? யாழ்ப்பாண நகரையும் அதன் அயலையும் கருத்திற் கொண்டு, கண்டறிந்தன சிலவற்றை இங்கே கூற விழைகிறேன்.

என் தாயாருக்கு வயது எண்பத்திரண்டு. வவுனியாவிலே என் தங்கையோடு வாழ்கிறார். சென்ற மாசி மாதத்தில் பத்து நாள்கள் என் இல்லத்தில் வந்து தங்கினார். கையிலே ஒரு தடியோடு நூறு அடி நடப்பார். அதற்குமேல் நடக்கச் சொன்னால், “நான் இதிலை இருக்கிறன் தம்பி, நீ போய்ப் பார்த்துக்கொண்டு வா” என்பார். இச்சொல் முதியோர் பலரிடத்தும் கேட்கப்படுவது. கால் நோகிறது என்று அவர்கள் சொல்வதில்லை. பிள்ளையின் மகிழ்ச்சிக்குத் தாம் தடையாதலாகாது என்று கருதி, காண ஆவல் இருந்தும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆகவே, “நடப்பீர்களா?” என்று அவர்களைக் கேட்பதிற் பயனில்லை. “அங்கே இருப்பதற்கு இடம் உண்டா?” என்று நாமே முன்சென்று அறிந்து வருதல் வேண்டும்.

இவ்வகையில் யாழ்ப்பாணம் முதியோர்க்கு நல்ல ஊர். சுண்ணக்கல்லின்மேற் பரந்த சமநிலம் இது. மலையும் இல்லை, ஆறும் இல்லை. பகைவன் வெயில் ஒன்றே. தையும் மாசியும் இதமான காலம். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், இடையில் உண்டியும் உறக்கமும் என்று வகுத்துக்கொண்டால் உடல் தாங்கும். பத்து மணிக்குள் வீடு திரும்புக. நான்கு மணிக்குமேல் மீண்டும் புறப்படுக. முச்சக்கர வண்டியில் ஏறி இறங்குவது சிலர்க்கு எளிது, சிலர்க்கு அரிது. முதல்நாள் வீட்டு வாசலிலேயே ஏறிப் பார்த்துத் தெளிக. மற்றொன்று: கழிப்பிடம் எங்கே என்று தெரியாத பயணத்திலே, முதியோர் பலர் நீர் அருந்தாமலே இருந்துவிடுவர். வெயிலில் மயக்கம் வருவதற்கு இது ஒரு காரணம். செல்லும் இடத்தில் அவ்வசதி உண்டு என்பதைப் புறப்படுமுன்னரே அவர் செவியிற் சொல்லிவிட்டால், தண்ணீர்ப் போத்தலைத் தாமாகவே கேட்டு வாங்குவர்.

நல்லூர்

முதல் வழி நல்லூர்க்கே. பழைய கோயில் 1621 இற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. இன்றுள்ள கோயில் 1734 இல், ஒல்லாந்தர் ஆட்சியிலே, இரகுநாத மாப்பாண முதலியாரால் எழுப்பப்பட்டது. காலந்தவறாப் பூசை இக்கோயிலின் சிறப்பு. மணியோசைக்கு முன்னரே சென்று அமர்ந்துவிட்டால், நெரிசலில் நிற்க வேண்டியதில்லை. உள்வீதியின் தெற்கிலே தீர்த்தக்கேணி இருக்கிறது. அதன் அருகே சிறிது நேரம் இருந்தால் காற்றும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும். வெளிவீதி மணல் வெறுங்காலுக்கு மெத்தென்றிருப்பது விடியலில். உச்சிப்பொழுதில் அதே மணல் கொதிக்கும். இருபத்தைந்து நாள் மகோற்சவம் கண்கொள்ளாக் காட்சிதான். ஆயின் அந்நாள்களிற் சூழவுள்ள வீதிகள் வாகனங்களுக்கு அடைக்கப்படுவதால் நடை நீளும். திருவிழாவையே காணவேண்டும் என்பவரைத் தொடக்க நாள்களில் அழைத்துச் செல்க. தேர், தீர்த்த நாள்களைத் தவிர்க்க.

கோயிலிலிருந்து சிறு தொலைவிலேயே யாழ்ப்பாண அரசின் எச்சங்கள் என்று போற்றப்படுவன உள. பருத்தித்துறை வீதியோரத்துச் சங்கிலியன் தோப்புத் தோரண வாயிலையும், பாழடைந்து நிற்கும் மந்திரிமனையையும் வண்டியில் இருந்தபடியே காணலாம். பகர வடிவில் அமைந்த யமுனா ஏரியை மட்டும் இறங்கிச் சில அடி நடந்து காணவேண்டும். 1822 இல் நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலரை நினையாமல் இவ்வீதிகளைக் கடக்க இயலாது. மாலை நேரமாயின் கோயிலயலில் உள்ள ஐஸ்கிறீம் கடையொன்றில் இருத்துக. நாற்காலியும் உண்டு, மின்விசிறியும் உண்டு. எண்பது வயதினரும் அங்கே சிறுவராவதைக் கண்டிருக்கிறேன்.

முற்றவெளியும் நூலகமும்

கோட்டையும் முற்றவெளியும் பொது நூலகமும் ஒன்றையொன்று அடுத்திருத்தல் முதியோர்க்குப் பெரும் வாய்ப்பு. கோட்டையைப் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1619 ஐ அடுத்துக் கட்டினர். ஒல்லாந்தர் 1658 இற் கைக்கொண்டு ஐங்கோண வடிவிலே திருத்தி அமைத்தனர். 1795 இல் ஆங்கிலேயர் பெற்றனர். போரிலே சிதைந்த அதன் மதில்கள் பின்னர்ப் பெரும்பாலும் சீர்செய்யப்பட்டன. மதில்மேல் ஏறுதல் இளையோர்க்கு ஆகுக. அகழியின் இப்பால் வண்டியை நிறுத்தினால், முருகைக்கல் மதிலின் முழு நீளமும் கண்ணுக்குப் புலப்படும். முற்றவெளியிலே 1974 தை மாதம் 10 ஆம் நாள், நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதியில் உயிர்நீத்தோர்க்கான நினைவிடம் உளது. அத்தலைமுறையினர் அதனருகே ஒரு கணமேனும் நிற்க விரும்புவர். 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரமும், 2023 இல் திறக்கப்பட்ட பண்பாட்டு மண்டபமும் செல்லும் வழியிலேயே தோன்றுவன.

நூலகத்துக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒதுக்குக. 1933 இல் க. மு. செல்லப்பா அவர்களின் முயற்சியாற் சிறிதாகத் தொடங்கிய இந்நிலையம், 1959 இல் நரசிம்மன் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திராவிடப் பாங்கான மாளிகையிலே குடிபுகுந்தது. 1981 வைகாசி முப்பத்தொராம் நாள் இரவு மூண்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. இன்றுள்ளது மீளக் கட்டப்பட்டது.

என் தாயார் 1961 இல் நகரத்துப் பெண்கள் விடுதியொன்றிலே தங்கிப் படித்தவர். சனிக்கிழமைகளில் இங்கு வந்து வாசித்ததுண்டு என்று முன்னரும் சொல்லியிருக்கிறார், அதற்குமேற் சொன்னதில்லை. அன்று கலைமகள் சிலையைத் தொழுதபின், வாசிப்பு மேசையொன்றின் அருகே இருத்தினேன். மண்டபங்களைக் காட்டுவதற்கு அழைத்தேன், வேண்டாம் என்றார். மேசைமேற் கையை வைத்தபடி அரைமணி நேரம் இருந்தார். பின்பு வெளியே நிழலில் வந்து அமர்ந்துதான் வாய் திறந்தார். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் கல்வளையந்தாதியை இரவல் பெற இயலாமையால், இங்கேயே இருந்து கொப்பியில் எழுதி எடுத்தாராம். எழுதி முடிக்க எட்டுச் சனிக்கிழமைகள் சென்றனவாம். அவர் பார்த்தெழுதிய பிரதி 1981 இல் எரிந்தது. அக்கொப்பி 1995 ஐப்பசியில் ஊரே பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் நடந்தபொழுது வீட்டோடு விடப்பட்டது. மீண்டபொழுது வீடும் இல்லை, கொப்பியும் இல்லை. இவ்வளவையும் கூறிவிட்டு, அடங்கிய குரலிலே முதற் செய்யுளைச் சொன்னார். ஒரு செய்யுளின் ஈறு அடுத்ததன் முதலாதல் அந்தாதியின் இலக்கணம் அன்றோ? ஈறு முதலை இழுக்க, இருபது செய்யுள்கள் தடையின்றி வந்தன. அந்நூலை யான் பல்லாண்டாக வகுப்பிலே கற்பித்து வருகிறேன். என் தாயார் அதனை அறிவார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஆற்றுப்படையிலே வழிகாட்டுபவன் முன்னர்ப் பெற்றவன். கேட்பவன் இனிப் பெறவேண்டியவன். முதியோரை ஊர் காட்ட அழைத்துச் செல்லும்பொழுது, வழிகாட்டுபவர் நாம் என்றே எண்ணிக்கொள்கிறோம். அவரை ஓரிடத்தில் அமரவிட்டு நாமும் அருகே அமர்ந்தால், காட்டுபவர் யார் என்பது விளங்கும். ஒரு நாளில் ஏழு இடங்களைக் காட்டி முடிக்கும் அவசரத்திலே, எத்தனை கல்வளையந்தாதிகள் கேட்கப்படாமற் போகின்றனவோ!

தீவகச் சாலை

மாலைப்பொழுதுக்கு ஏற்றது பண்ணைத் தாம்போதி. நகரிலிருந்து வேலணைக்குக் கடலூடே செல்லும் இச்சாலையில், இரு மருங்கும் ஆழமற்ற நீரும், நட்ட கம்புகளிற் கட்டிய களங்கண்ணி வலைகளும், நீர்ப்பறவைகளும் வண்டியில் இருந்தபடியே காணத்தக்கன. உடல் ஒத்துழைப்பின் ஊர்காவற்றுறை வரை செல்க. அங்கே கரையில் இருந்தால், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீர்நடுவில் நிற்கும் கடற்கோட்டை தெரியும். நயினாதீவு செல்ல விரும்புவோர் குறிகட்டுவானிற் படகு ஏறவேண்டும். நாகபூஷணி அம்மன் கோயில் இறங்குதுறையின் அருகேயே உளது, நடை குறைவு. ஆயினும் படகின் விளிம்பைக் கடந்து உள்ளே இறங்குதல் முதியோர்க்கு அரிது. வலிய இருவர் உடன் வருவாராயின் மட்டும், அலை அடங்கிய காலையிற் செல்லலாம். சோழகம் வீசும் மாதங்களில் அவ்வெண்ணத்தை விடுக.

கீரிமலை

பெயரிலுள்ள மலையைக் கேட்டு அஞ்ச வேண்டாம். ஏறுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, இறங்குவதற்கே சில படிகள் உள. கடலின் ஓரத்திலேயே நன்னீர் ஊறும் கேணி இது. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனியே அமைந்தது. போர்க்காலத்திலே நெடுநாள் மக்கள் செல்ல இயலாதிருந்த பகுதி ஆதலின், இளமையில் இங்கே நீராடிய முதியோர்க்கு இதனை மீண்டும் காண்பதே பேறு. முழுகவேண்டும் என்பதில்லை. பாசி இல்லாத படியிற் கைப்பற்றி இருத்தி, கால்களை நீரில் விடச் செய்தால் போதும். ஆடி அமாவாசைக் கூட்டத்தைத் தவிர்க்க. திரும்பும் வழியில் மாவிட்டபுரத்தை வாசலிலிருந்து வணங்கி, சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ள கந்தரோடையின் முருகைக்கல் தூபிகளை வேலியோரத்தில் நின்று காணலாம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக உள்ள நிலாவரைக் கிணற்றை வேறொரு காலைக்கு வைத்துக்கொள்க.

இறுதியாக நகரத்தார்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். மேற்கூறிய இடங்களிலே காண்பதற்குக் குறைவில்லை. நிழலில் அமர்வதற்கே குறை. யமுனா ஏரிக்கரையில் ஒரு வாங்கு, கந்தரோடை வாயிலில் ஒரு வாங்கு, கீரிமலைப் படிகளில் ஒரு கைப்பிடிக் குழாய், இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன. ஓராண்டு விழாச் செலவிற் சிறு பகுதியைக் கொண்டு, தம் ஆசிரியர் ஒருவர் பெயரால் ஒரு வாங்கு அமைத்து, அதனருகே ஒரு வேப்பங்கன்றும் நட்டால், அதில் யாரேனும் ஒரு தாய் வந்து இருப்பார்.